இலவச வார்டும் இழப்பீட்டு உரிமையும்

அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



அண்ணலின் நினைவு நாளில் ஓர் இலக்கிய மன்றம் ரத்த வங்கியைப் பற்றியும் கோர்ட்டைப் பற்றியும் ஏன் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்கலாம். அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பர் 9 அன்று அண்ணல் பேசியதை நினைவுபடுத்துகிறோம். எந்த உறுப்பு இல்லாவிட்டால் அரசமைப்புச் சட்டம் வெறும் தாளாகிவிடும் என்று கேட்டால், தாம் இதைத்தான் காட்டுவேன் என்று அவர் ஓர் உறுப்பைச் சொன்னார். அதையே சட்டத்தின் ஆன்மா என்றும் இதயம் என்றும் குறிப்பிட்டார். இன்றைய 32ஆவது உறுப்பு அது. உரிமை பறிபோனால் குடிமகன் நேராக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம் என்பது அதன் பொருள். உயர் நீதிமன்றத்துக்கு அதே வகையான அதிகாரத்தை 226ஆவது உறுப்பு தருகிறது. இந்தக் கதவை நம் மாவட்டத்து நோயாளி எப்படித் தட்டுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

சாத்தூரில் நடந்தது

2018 டிசம்பர் 3. விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகையோடு இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ரத்தம் ஏற்றினார்கள். அந்த ரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்தது. கொடுத்தவர் நம் மாவட்டத்துக் கமுதிப் பகுதியைச் சேர்ந்த இளைஞர். உறவினர் ஒருவருக்காக நவம்பர் கடைசியில் கொடுத்திருந்தார். அதன் பிறகு வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டபோது தமக்கு எச்.ஐ.வி. இருப்பது அவருக்குத் தெரிந்தது. அவர் ஒளிந்துகொள்ளவில்லை. தாம் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாம் என்று சொல்ல அவரே மருத்துவமனைக்குப் போனார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கும் தொற்று உறுதியானது.

இதில் நம்மை உலுக்குவது இன்னொரு செய்தி. 2016இலேயே அந்த இளைஞர் ஒருமுறை ரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே தொற்று கண்டறியப்பட்டும் அந்தத் தகவல் அவரைச் சென்றடையவில்லை என்று சுகாதாரத் துறைத் தரப்பிலிருந்தே சொல்லப்பட்டது. ஆக, உண்மை ஏதோ ஒரு பதிவேட்டில் இரண்டு ஆண்டுகள் கிடந்தது. தெரிந்திருந்தால் அவர் மருந்து எடுத்துக்கொண்டு நலமாக இருந்திருப்பார். மறுமுறை ரத்தம் கொடுத்திருக்க மாட்டார். நடந்தது தெரிந்து மனம் உடைந்த அவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, டிசம்பர் 30 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இறந்தார்.

அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரியில் மதுரையில் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்கு போடப்பட்டது. 2019 ஜூலையில் நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடும், அரசு வேலையும், வீடும் தரும்படி அரசுக்கு உத்தரவிட்டது.

இந்த உத்தரவை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நாடே பேசிய வழக்கு அது. செய்தித்தாளில் வராதவர்களின் நிலை என்ன? டயாலிசிஸ் செய்யப் போய் ஹெபடைடிஸ் சி தொற்றோடு திரும்பும் நோயாளி, பிரசவத்தின்போது ரத்தம் ஏற்றிக்கொண்டு பல ஆண்டுகள் கழித்துத் தொற்றை அறியும் பெண், ஊசி போட்ட இடம் சீழ் பிடித்துக் கையை இழப்பவர், இவர்களெல்லாம் எங்கே போவது? பாம்பன் பகுதியில் பாசி எடுக்கும் பெண்ணுக்கு ஒருநாள் கடலுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு வரவே 55 கிலோமீட்டர். மதுரைக் கிளைக்குப் போக அதைவிட மும்மடங்கு தூரம். சட்டம் என்ன சொல்கிறது என்பது அவருக்குத் தெரியும் முன்பே காலம் ஓடிவிடுகிறது.

"சும்மா பார்த்ததுக்குக் கேஸா?"

நம் மக்களை முதலில் தடுப்பது இந்தக் கேள்விதான். அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் பார்த்தார்கள், அவர்கள் மேல் எப்படி வழக்குப் போடுவது என்று நம் வீட்டுப் பெரியவர்களே கேட்கிறார்கள். மருத்துவம் தர்மம் என்று நினைப்பதிலிருந்து வருகிற கேள்வி இது. நாம் தீப்பெட்டிக்கும் செல்போனுக்கும் கொடுக்கிற வரியில்தான் அந்த ஆஸ்பத்திரி நடக்கிறது. 21ஆவது உறுப்பு தரும் உயிர்வாழும் உரிமையில் மருத்துவ உதவியும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பியதற்காக, அரசு அவருக்கு இழப்பீடு தர வேண்டியதாயிற்று.

ஆனால் சட்டத்தில் ஒரு வேறுபாடு உண்மையாகவே இருக்கிறது. அது தெரியாமல் தவறான கதவைத் தட்டினால் ஆண்டுகள் வீணாகும். 1995இல் இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இது: எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையில், இலவச நோயாளியும் நுகர்வோரே. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டினாலும் அது கட்டணச் சேவைதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர் இதைத் தைரியமாகச் சொல்லலாம். அரசு மருத்துவமனையில் அதே அட்டை பயன்பட்டிருந்தால், அங்கேயும் வாதிட இடமுண்டு.

எந்தக் கதவு யாருக்கு?

தனியார் மருத்துவமனை அல்லது தனியார் ரத்த வங்கி என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சிகிச்சை மதுரையிலோ சென்னையிலோ நடந்திருந்தாலும் ராமேஸ்வரத்துக்காரர் ராமநாதபுரத்தில் மனு போட முடியும். சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். உடனே வெளிப்படாத பாதிப்பு என்றால், நோயாளிக்கு அது தெரியவந்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொல்லியிருக்கிறது. மெல்ல வெளிப்படும் தொற்றுகளுக்கு இது மிக முக்கியம்.

அரசு மருத்துவமனை என்றால் 226ஆவது உறுப்பின்கீழ் மதுரைக் கிளையில் ரிட் மனு போடுவதே நேர்வழி. அரசின் தவறால் உயிரோ உடலோ பாதிக்கப்பட்டால் ரிட் வழியிலேயே இழப்பீடு தரலாம், அரசு தனக்கு விலக்கு உண்டென்று சொல்லித் தப்ப முடியாது என்பதை 1993இல் நிலாபதி பெகரா வழக்கு நிலைநாட்டியது. போலீஸ் காவலில் மகனைப் பறிகொடுத்த ஒடிசாத் தாய் ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதம்தான் அந்த வழக்கு. கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி மாநில மனித உரிமை ஆணையம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை. ஆணையம் பரிந்துரைதானே செய்யும், அரசு குப்பையில் போட்டுவிடுமே என்பார்கள். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்துவிட்டது.

போலீஸ் புகாரைப் பற்றி ஒரு வார்த்தை. கோபத்தில் முதலில் நாம் ஓடுவது ஸ்டேஷனுக்குத்தான். மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்க வேண்டுமானால் கடுமையான கவனக்குறைவு இருக்க வேண்டும், வேறொரு மருத்துவரின் கருத்தும் வேண்டும் என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்ற வழக்கு தேவைப்படும் இடங்கள் உண்டு. ஆனால் அதையே நம்பியிருந்தால் இழப்பீட்டுக்கான கெடு கடந்துவிடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் இடமறிந்து பயன்படுத்த வேண்டும். மருத்துவமனைக்குள் நுழையவிடாமல் சாதியின் பெயரால் தடுத்தால் அது அந்தச் சட்டப்படி குற்றம். பரிசோதிக்காத ரத்தத்தை ஏற்றியது கவனக்குறைவு. அதில் சாதி காரணம் என்பதற்கு ஆதாரம் இருந்தால் மட்டுமே அந்தச் சட்டம் பொருந்தும்.

வக்கீலுக்குப் பணம்?

1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவை நம் ஊர்களில் சுவரெழுத்தாகவே எழுதி வைக்கலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு. கோர்ட் கட்டணம், வக்கீல் கட்டணம், ஆவணங்களுக்கு ஆகும் செலவு எல்லாம் இதில் அடங்கும்.

ராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா கோர்ட்டுகளில் வட்டக் குழுக்கள் இருக்கின்றன. மதுரைக் கிளைக்கென்று உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. ரிட் மனுவுக்கு அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். சாதிச் சான்றிதழும் ஆதார் நகலும் வைத்து, நடந்ததை ஒரு பக்கத்தில் தேதி வாரியாக எழுதிக் கொடுத்தால் போதும். கொடுத்த மனுவுக்கு ஒப்புதல் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. நியமிக்கப்பட்ட வக்கீல் அக்கறை காட்டவில்லை என்றால், வேறு வக்கீல் கேட்டு எழுதிக் கொடுக்கலாம்.

சட்ட உதவி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஒரு சான்று. விமானப் படை வீரர் ஒருவருக்கு 2002இல் ஜம்முவின் சாம்பாவில் உள்ள ராணுவ மருத்துவமனையில் ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். 2014இல் அவர் நோய்வாய்ப்பட்டபோது எச்.ஐ.வி. தெரியவந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் அவரது புகாரைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் தனக்கு உதவ ஒரு வழக்கறிஞரை நியமித்து வழக்கைக் கேட்டு, 2023 செப்டம்பர் 26 அன்று 1 கோடியே 54 லட்சத்து 73 ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. ரத்தம் ஏற்றும் முன் செய்ய வேண்டியவற்றைச் செய்ததாக மருத்துவமனைதான் காட்ட வேண்டும், நடந்த நிகழ்வே தவறைப் பேசுகிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மெடிக்கல் படிக்காத நோயாளி எதை நிரூபிப்பது என்று திகைப்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு பெரிய துணை.

காகிதமே சாட்சி

அந்த வீரருக்கும் சாத்தூர்ப் பெண்ணுக்கும் வழக்கு நின்றதற்குக் காரணம் பதிவுகள். எந்தத் தேதியில், எந்த வார்டில், எந்த எண்ணுள்ள பை ஏற்றப்பட்டது என்பது எங்கோ எழுதப்பட்டிருக்கும். அதைக் காலத்தில் கைப்பற்ற வேண்டும். செயற்பாட்டாளர்கள் செய்யக்கூடிய முதல் வேலை இதுதான்.

ரத்தம் ஏற்றும்போது பையில் ஒட்டியிருக்கும் எண், ரத்த வங்கியின் பெயர், காலாவதித் தேதி மூன்றையும் உடனிருப்பவர் குறித்துக்கொள்ளலாம். செல்போனில் படம் எடுத்தாலும் சரி. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, லேப் ரிப்போர்ட் எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது. கேஸ் ஷீட் நகலை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. அந்தப் பதிவை மருத்துவர் மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ரத்த வங்கி தன் பதிவேடுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனை என்றால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்: 30 நாளில் பதில் வர வேண்டும், உயிர் சார்ந்த தகவல் என்றால் 48 மணி நேரத்தில்.

ஒவ்வொரு யூனிட்டையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதித்த பிறகே வெளியே அனுப்ப வேண்டும். தொற்று ஏற்பட்ட ஆரம்ப நாட்களில் பரிசோதனையில் அது தெரியாமல் போகும் சாளரக் காலம் ஒன்று உண்டு. மருத்துவமனை அதைக் காரணம் சொல்லக்கூடும். அப்போது நாம் கேட்க வேண்டியது: கொடையாளரிடம் கேள்விகள் கேட்டீர்களா, எந்த கிட் கொண்டு சோதித்தீர்கள், முடிவைப் பதிந்தது யார்? சாத்தூர் விவகாரத்தில் தகவல் 2016லிருந்தே இருந்தது என்பதால் சாளரக் காலம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

மருந்துக்கும் இது பொருந்தும். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த 'கோல்ட்ரிஃப்' மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வு காட்டியது. எனவே காலியான பாட்டிலையும் அட்டையையும் பில்லையும் தூக்கி எறியக் கூடாது. பேட்ச் எண் இல்லாமல் வழக்கு நகராது. சந்தேகப்படும் மருந்தை அரசுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் கட்டிச் சோதிக்க எந்தத் தனிமனிதருக்கும் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஆவது பிரிவு உரிமை தருகிறது.

வழக்கு ஒருபக்கம் இருக்க, உடலைக் காப்பது அதற்கும் முந்தியது. எச்.ஐ.வி. தொற்றிய ரத்தம் உடலில் சேர்ந்ததாகத் தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கப்பட வேண்டும். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மருந்து அரசு மையங்களில் இலவசம். ஹெபடைடிஸ் சி இன்று பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையில் குணமாகிறது. 2018 முதல் தேசியத் திட்டத்தில் அதுவும் இலவசம்.

பெயரைக் காப்பது போராட்டத்தின் பகுதி

நம் இயக்கங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அநீதி நடந்தால் பாதிக்கப்பட்டவரின் படத்தைப் போட்டுச் சுவரொட்டி அடிப்போம். தொற்று விவகாரத்தில் அதைச் செய்யக் கூடாது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஒருவரின் தொற்று நிலையை அவர் சம்மதம் இன்றி வெளியிட முடியாது. வேலையிலோ பள்ளியிலோ வாடகை வீட்டிலோ பாகுபாடு காட்டக் கூடாது. கோர்ட்டில் புனைபெயரில் வழக்கு நடத்தவும், மூடிய அறையில் விசாரிக்கவும், வழக்கை முன்னுரிமையோடு எடுக்கவும் கேட்கலாம். சேரியில் ஏற்கனவே தீண்டாமையைச் சுமக்கும் ஒரு குடும்பத்தின் மேல் இன்னொரு தீண்டாமையை ஏற்றுவதற்கு நாமே காரணமாகிவிடக் கூடாது. மனு எழுத உதவும் மாணவர்கள், மனுவின் படத்தை வாட்ஸ்அப்பில் போடுவதைக்கூடத் தவிர்க்க வேண்டும்.

அந்தக் கமுதி இளைஞரையும் இந்த இடத்தில்தான் நினைக்கிறோம். ரத்தம் கொடுத்தது குற்றமா? அவருக்குத் தெரிந்ததும் முதலில் செய்தது இன்னொரு உயிரைக் காக்க ஓடியதுதான். தொற்று தெரிந்தால் கொடையாளரை அழைத்து, ஆலோசனையோடு சொல்லி, சிகிச்சைக்கு அனுப்புவது ரத்த வங்கியின் கடமை. அந்தக் கடமை தவறியதில் பாதிக்கப்பட்டவர்கள் இருவர். இழப்பீடு பற்றிய நம் பேச்சில் இரண்டாமவருக்கும் இடம் வேண்டும். உண்மையைச் சொல்ல வருபவர் தனியாக விடப்பட்டால் நாளை யாரும் சொல்ல வர மாட்டார்கள். அதில் ஆபத்து நோயாளிக்கே.

பணக்கார நாடுகளில் இது எளிதாக நடந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் 1970களிலும் 80களிலும் தொற்று ரத்தத்தாலும் ரத்தப் பொருட்களாலும் 30,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அங்கு ஆவணங்கள் அழிக்கப்பட்டதையும் உண்மை மறைக்கப்பட்டதையும் விசாரணை அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது 2024 மே 20 அன்றுதான். பல பத்தாண்டுகள் அங்கே நியாயத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் நோயாளிகளும் அவர்களின் குடும்பத்தாரும். அவர்கள் சங்கமாகச் சேர்ந்திருந்தார்கள், காகிதங்களைப் பாதுகாத்தார்கள்.

நாம் செய்யக்கூடியது

இந்த உரையைக் கேட்டுவிட்டுக் கலைவதற்கு முன் மூன்று வேலைகளைப் பிரித்துக்கொள்வோம் என்று கேட்கிறோம். ஒன்று, ராமேஸ்வரம், கீழக்கரை, கமுதி, முதுகுளத்தூர், திருவாடானை என்று வட்டத்துக்கு இரண்டு பேராவது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு, சட்டம் படிக்கும் மாணவர்கள் கேஸ் ஷீட் கேட்கும் மனு, தகவல் உரிமை மனு, சட்ட உதவி விண்ணப்பம், மனித உரிமை ஆணையப் புகார் ஆகிய நான்குக்கும் தமிழில் மாதிரிப் படிவம் எழுதித் தர வேண்டும். மூன்று, ரத்த தான முகாம் நடத்தும் நம் மன்றங்கள், பரிசோதனை முடிவு ஒவ்வொரு கொடையாளருக்கும் ரகசியமாகச் சொல்லப்படுகிறதா என்று ரத்த வங்கியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். 2016இல் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இரண்டு குடும்பங்கள் தப்பியிருக்கும்.

ரத்த தானத்தை நிறுத்தும்படி நாம் சொல்லவில்லை. நம் பெண்களின் பிரசவத்துக்கு ரத்தம் வேண்டும், நம் பிள்ளைகள்தான் கொடுக்கிறார்கள். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையில் நிற்கும் அரசு தன் வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும். செய்யாதபோது பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைக் கேட்டு வாங்கும் அதிகாரத்தை அண்ணல் நமக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஜெய் பீம்.